மாலை ஆனதும் அம்மாவுக்குப் படபடப்பு: தில்லியில் யாரிடம் காட்டலாம்?

துவாரகா மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 72. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலமான பிறகு எங்களுடன் துவாரகாவில் இருக்கிறார்.

பகலில் நன்றாகவே இருக்கிறார். காய் நறுக்கித் தருகிறார், பேரனுக்குக் கதை சொல்கிறார். மாலை ஐந்து மணி நெருங்கினால் ஆளே மாறிவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது என்கிறார். உள்ளங்கை வியர்க்கிறது, அடிவயிற்றைப் பிசைகிறது, அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார். என் கணவர் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி நிற்கிறார். "மாப்பிள்ளைக்கு ஒரு ஃபோன் போட்டுப் பார்" என்று அலுவலகத்தில் இருக்கும் என்னைத் திரும்பத் திரும்ப அழைக்கிறார்.

ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். அருகில் ஒரு கிளினிக்கில் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இரவில் தூங்குகிறார். ஆனால் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முந்தின நாள் பேசியது மறந்துபோகிறது.

மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று அழுதுவிட்டார். சென்னையில் இருக்கும் அண்ணன், வயதானால் இப்படித்தான், கொஞ்ச நாள் ஊரில் கொண்டுபோய் விடு என்கிறார். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?

அம்மாவுக்கு இந்தி தெரியாது. மருத்துவரிடம் எல்லாவற்றையும் நான்தான் சொல்கிறேன். வயதானவர்களைத் தில்லியில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆர்.கே.புரம் செவிலியர் (ஓய்வு)

சகோதரி, மற்ற எதற்கும் முன்னால் ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்.

அல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

அதே சமயம், குறைக்க வேண்டிய மருந்துதான் அது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பியர்ஸ் பட்டியல் என்ற பெயரில் வெளியிடுகிறது. இந்தக் குடும்பம் முழுவதும் அதில் இருக்கிறது. வயதான உடம்பிலிருந்து இவை மெதுவாகத்தான் வெளியேறும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும்போது தள்ளாட்டம், அதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவு, மறதி, குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அம்மா சுவரைப் பிடித்து நடக்கிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனம் பதறிவிட்டது. இன்று இரவிலிருந்தே படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கால் தடுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆனாலும் பழைய சீட்டைக் காட்டியே மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். ஆரம்பித்து வைத்த மருத்துவர் எத்தனை வாரத்துக்கு என்று எழுதியிருக்கிறாரா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள்.

இனி உடம்பைப் பற்றி. அறுபது வயதுவரை இல்லாத பதற்றம் புதிதாக வந்தால் உடம்பில் காரணம் இருக்கிறதா என்று தேடாமல் மனசு என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு பார்த்துவிட்டீர்கள், நல்லது. ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்த்தீர்களா? சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா? கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மதியம் சரியாகச் சாப்பிடாவிட்டால் மாலையில் சர்க்கரை இறங்கும். அப்போதும் படபடப்பு, வியர்வை, நடுக்கம்தான் வரும். அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இதயத் துடிப்பு இடையிடையே தாறுமாறாக ஓடும் நோய் சாதாரண ஈசிஜியில் சிக்காமல் போகும். 24 மணி நேரம் உடம்பில் மாட்டி வைக்கும் ஹோல்ட்டர் கருவி தேவையா என்று கேளுங்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால், ஸ்டீராய்டு மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, இவைகூடப் படபடப்பைக் கொடுக்கும்.

அம்மா மாலை எத்தனை மணிக்குக் காபி குடிக்கிறார்? தஞ்சாவூர்ப் பக்கத்து டிகாஷன் என்றால் கேட்கவே வேண்டாம். நான்கு மணிக்குக் குடித்தால் ஐந்து மணிக்கு அதன் வேகம் உச்சத்தில் இருக்கும், இரவு படுக்கும்போதும் பாதி உடம்பில் இருக்கும். பத்து நாள் மாலைக் காபியை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்.

இந்த அறிகுறிகள் வந்தால் மட்டும் பதற்றம் என்று காத்திருக்காதீர்கள்: நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, சில மணி நேரத்துக்குள் திடீரென்று ஆள் தெரியாமல் குழம்புவது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உடனே 112.

மயூர் விஹார் ஃபேஸ் 1

செவிலியர் அம்மா சொன்ன சோடியம் விஷயத்தை எங்கள் வீட்டில் நேரில் பார்த்தோம். என் மாமியாருக்கு 76 வயது. ஒரு கோடைக்காலத்தில் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. கேஸை அணைத்தாயா, கதவுச் சங்கிலியைப் போட்டாயா என்று நள்ளிரவில் எழுந்து கேட்பார். நடையில் தள்ளாட்டம். மாமனார் போன துக்கம் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒருவர் பரிகாரம்கூடச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 122. குறைந்தது 135 இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்து, மாத்திரையை மாற்றினார்கள். அதன் பிறகு கதவுச் சங்கிலியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

உப்பைக் கூடுதலாகப் போட்டுச் சரிசெய்யலாம் என்று யாரும் வீட்டில் முயல வேண்டாம். சோடியத்தை எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜனக்புரி சி பிளாக்

எல்லோரும் மருந்தையும் பரிசோதனையையும் பற்றியே பேசுகிறீர்கள். எழுபது வருடம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒருவரை எட்டாவது மாடியில் கொண்டுவந்து வைத்தால் படபடக்காமல் என்ன செய்யும்? அண்ணன் சொல்வதுதான் சரி. ஊரில் விடுங்கள், சரியாகிவிடும். மனநல மருத்துவரிடம் போனால் வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான். என் பெரியப்பாவைப் பார்த்தேன், கடைசிவரை தூங்கி வழிந்துகொண்டே இருந்தார். விளக்கேற்றி, உட்கார்ந்து பாராயணம் செய்யச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

கரோல் பாக் 79

ஜனக்புரிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நான் இங்கே வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்கு 79 வயது. நீங்களெல்லாம் உங்கள் அம்மாவையும் மாமியாரையும் பற்றி எழுதுகிறீர்கள். நான் அந்தப் படபடப்பை அனுபவிக்கிறவன், ஆகையால் உள்ளே இருந்து சொல்கிறேன்.

எனக்கு அது விடியற்காலை நான்கு மணிக்கு வரும். விழிப்பு வந்ததும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி. அதன் பிறகு மனம் காரணம் தேட ஆரம்பிக்கும். மகன் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறானே, முழங்கால் விட்டுப்போனால் யாருக்குப் பாரம், வங்கியில் போட்டது போதுமா. காரணம் முதலில் வந்து பயம் பின்னால் வருவதில்லை. பயம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது தெரிந்த பிறகு எனக்குப் பாதி நிம்மதி. நான்கு மணிக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பயங்கள் பலவற்றுக்கு வெளியில் உண்மையான காரணம் உண்டு. நவம்பர் வந்தால் ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கான வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வயதாகிவிட்டால் விரல் ரேகை தேய்ந்துபோகிறது. வங்கியில் கருவி ஏற்க மறுக்கும், பின்னால் வரிசை நிற்கும், கை நடுங்கும், நடுங்கினால் இன்னும் ஏற்காது. அந்த ஒரு வாரம் தூக்கமே வராது. இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கலாம். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். பிள்ளைகள் உட்கார்ந்து பத்து நிமிடம் செய்து கொடுத்தால் ஒரு மாதப் படபடப்பு குறையும். மனநலம் என்று தனியாக ஏதோ செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரியவரை, காவல்துறை என்று சொல்லி ஒருவன் வீடியோ அழைப்பில் இரவு முழுவதும் உட்கார வைத்துவிட்டான். 'டிஜிட்டல் கைது' என்றானாம். பணமும் போயிற்று. பிள்ளைகள் வந்து, இவ்வளவு படித்தும் ஏமாந்தீர்களே என்று கத்தினார்கள். அதன் பிறகு அவர் ஃபோனையே எடுப்பதில்லை. பேத்தி அழைத்தாலும் எடுப்பதில்லை. மணி அடித்தால் முகம் வெளிறிப்போகிறது. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அப்படி நடந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். பெரியவர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

மகளே, கடைசியாக உன்னிடம். மருத்துவரிடம் எல்லாவற்றையும் நீதான் சொல்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். என் கண் மருத்துவர், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என் மகனைப் பார்த்து, 'இவருக்கு என்ன செய்கிறது?' என்று கேட்பார். மகன் நல்ல பிள்ளை, சரியாகத்தான் சொல்வான். ஆனால் மகனுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தால் அதை அங்கே நான் எப்படிச் சொல்வேன்? அம்மா வாய் திறந்து தானாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது நீயாக இல்லாமல் இருப்பது நல்லது. உன்னிடம் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று பல விஷயங்களை விழுங்கிக்கொண்டிருப்பார்.

தமிழ் ஆலோசகர், நொய்டா

பெரியவர் சொன்ன கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் உளவியல் ஆலோசகர். தமிழ் பேசும் பெரியவர்கள் வரும்போது பெரும்பாலும் மகளோ மருமகளோ கூடவே உள்ளே வந்து உட்காருவார்கள். நான் கேள்வி கேட்டால் பெரியவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று பணிவாகச் சொல்வேன். கதவு மூடியதும் குரலே மாறும். குடும்பத்தினர் கெட்டவர்கள் என்பதால் அல்ல. வீட்டுக்குத் திரும்பிப் போய் அதே கூடத்தில் உட்கார வேண்டுமே என்ற எண்ணம்தான்.

முதல் படிக்கு எங்கும் போக வேண்டியதுகூட இல்லை. 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசம். அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், தமிழ் இருக்கிறது. எண்ணை அழுத்தி மொழியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முதியோருக்கென்றே 14567 என்ற எண்ணும் இருக்கிறது, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. ஓய்வூதியம், சட்டம், பராமரிப்பு போன்றவற்றுக்கு அது உதவும்.

ஜனக்புரி அன்பருக்கு: உங்கள் பெரியப்பா தூங்கி வழிந்தது தூக்க மாத்திரை வகையால் இருந்திருக்கலாம். பதற்றத்துக்கு மனநல மருத்துவர்கள் முதலில் யோசிக்கும் மருந்து வேறு: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. இவை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. ஆனால் உடனே கேட்காது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். பெரியவர்களுக்குச் சின்ன அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். இவற்றாலும் சோடியம் குறையக்கூடும் என்பதால் ஆரம்ப வாரங்களில் ஒருமுறை ரத்தம் பார்ப்பது அவசியம். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும், ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். இந்த மாத்திரைகளையும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பாராயணம் பற்றி நீங்கள் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சை உள்ளே இழுப்பது சுருக்கமாகவும் வெளியே விடுவது நீளமாகவும் ஆகிவிடுகிறது. வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். பதற்றத்துக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் மூச்சுப் பயிற்சியும் இதேதான். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. பாராயணம் பழகிய அம்மாவுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. மனதுக்குள் முணுமுணுக்காமல் குரல் விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அதை மருத்துவத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

இனி, வாசற்கதவில் நிற்பதைப் பற்றி. அம்மா ஃபோன் போடச் சொல்கிறார். நீங்கள் போடுகிறீர்கள். மாப்பிள்ளை பத்திரமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு நிம்மதி. கால்மணி நேரம் கழித்து மறுபடியும் பயம், மறுபடியும் ஃபோன். ஒவ்வொரு ஃபோனும் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது, கூடவே 'ஃபோன் போடாவிட்டால் ஏதோ ஆகிவிடும்' என்ற எண்ணத்துக்கும் உரம் போடுகிறது. இதை ஒரேயடியாக மறுத்தால் கொடுமை. கணவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது அம்மாவின் கைப்பேசிக்கே அவர் ஒரு தடவை அழைத்துச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும்வரை ஃபோன் இல்லை. முதல் சில நாள் அம்மாவுக்குக் கடினமாக இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள், கீரை ஆய்வது, பூ தொடுப்பது போல. படபடப்பு உச்சத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் தானாக இறங்கும் என்பதை அம்மா தன் உடம்பிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

ஒரு கேள்வியை யாரும் கேட்கத் தயங்காதீர்கள். 'கடவுள் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளக் கூடாதா' என்று பெரியவர்கள் சொல்வதை நம் வீடுகளில் வழக்கமான புலம்பலாகக் கடந்துவிடுகிறோம். பதற்றத்துடன் மனச்சோர்வும் சேர்ந்து வருவது மிகவும் சாதாரணம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, ஏதாவது செய்துகொள்ள நினைத்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இந்தியா முழுவதும் 45 வயது தாண்டிய 72,000-க்கும் மேற்பட்டோரிடம் 2017-18-இல் ஒரு பெரிய முதுமை ஆய்வு நடந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில், கேள்வி கேட்டுப் பார்த்தபோது மனச்சோர்வு இருந்தவர்கள், மருத்துவர் ஏற்கெனவே கண்டறிந்து சொல்லியிருந்தவர்களைப் போலச் சுமார் பத்து மடங்கு. மீதிப் பேருக்கு அது இருப்பதாக யாரும் கண்டறிந்து சொல்லவே இல்லை.

பட்பட்கஞ்ச் மருமகள்

யாரிடம் காட்டலாம் என்ற கேள்விக்கு. எய்ம்ஸில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. உடம்பு, மருந்து, மனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் அங்கே ஆரம்பிப்பது நல்லது. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். யமுனைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் (IHBAS) இருக்கிறது. மனநலத்துக்கும் நரம்பு நோய்க்கும் அரசு நிறுவனம், மெட்ரோவில் போகலாம். 'முதியோர் பிரிவுக்குப் போகிறோம்' என்று சொன்னால் என் மாமியார் மறுக்காமல் வந்தார். வாசலில் அவர் வயதுக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஜனக்புரி சி பிளாக்

ஆலோசகருக்கு நன்றி. மருந்துகளில் இவ்வளவு வித்தியாசம் இருப்பது புதுச் செய்தி. இருந்தாலும் ஊர் என்ற விஷயத்தை நீங்கள் யாரும் தொடவில்லை என்பது என் கருத்து.

கரோல் பாக் 79

தொடுகிறேன். நான் ஓய்வு பெற்றதும் ஊருக்குத்தான் போனேன். தெரு இருந்தது, தெருவில் இருந்தவர்கள் இல்லை. என் வயதுக்காரர்களில் சிலர் போய்விட்டார்கள், சிலர் அமெரிக்காவில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி இங்கேயே வந்துவிட்டேன். அம்மாவைக் கேட்காமல் அண்ணனும் தங்கையும் முடிவெடுத்தால் எங்கே வைத்தாலும் படபடக்கும். அவருக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று இருந்தால், மாசி பங்குனியில் ஒரு மாதம், துணையோடு, திரும்ப டிக்கெட்டும் எடுத்துக் கையில் கொடுத்து அழைத்துப் போகலாம்.

இங்கே அவருக்கென்று ஒரு பொறுப்பும் வேண்டும். எங்கள் கட்டடத்தில் விடியற்காலை தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டார் போடுவது என் வேலை. நான் எழுந்திருக்காவிட்டால் மேல்மாடித் தொட்டி நிரம்பாது, எல்லா வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார்கள். நான்கு மணிப் பயத்தோடு படுத்துக் கிடக்காமல் என்னை எழுப்பி உட்கார வைப்பது அந்த மோட்டார்தான். 'நீங்கள் சும்மா உட்காருங்கள் அம்மா' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

துவாரகா மகள்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

14416-ஐ அழைத்து, தமிழைத் தேர்ந்தெடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். அன்று இரவு அம்மாவே என்னிடம் வந்து உட்கார்ந்து சொன்னார்.

பயம் மாப்பிள்ளையைப் பற்றியதே அல்ல. பள்ளிப் பேருந்து பேரனை இறக்கிவிடுவதிலிருந்து நாங்கள் இருவரில் ஒருவர் வரும்வரை குழந்தைக்கு அம்மா மட்டும்தான் துணை. தான் மயங்கி விழுந்துவிட்டால் குழந்தை என்ன செய்யும், குழந்தைக்கு அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, வாட்ச்மேனிடம் என்ன மொழியில் சொல்வது என்ற நினைப்பு. இன்டர்காமில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒருநாள் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. எதிர் வீட்டு மணியை அடித்திருக்கிறார், யாரும் திறக்கவில்லை. ஈரத் துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எங்களிடம் சொன்னால் வேலையை விட்டுவிடுவேனோ என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். மாலையில் ஏன் ஆரம்பிக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது இன்டர்காமில் வாட்ச்மேன் அறைப் பொத்தானுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். அம்மாவின் கைப்பேசியில் எங்கள் முகப்படத்தைத் தொட்டாலே அழைப்பு போகும். மூன்றாம் மாடியில் ஒரு பாலக்காட்டுக் குடும்பம் இருப்பது தெரியவந்தது. அந்த அம்மா தினமும் மாலையில் மேலே வருகிறார், இல்லாவிட்டால் இவர்கள் இருவரும் கீழே போகிறார்கள். வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டிய நான்கைந்து வாக்கியங்களை இந்தியில் பேரனே பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

மருத்துவமனை முதியோர் பிரிவிலும் காட்டினோம். சோடியம் சரியாக இருந்தது, பி12 மிகவும் குறைவு, ஊசி போடுகிறார்கள். அல்பிரசோலத்தைக் குறைப்பதற்கு வாரவாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எஸ்சிட்டலோபிராம் குறைந்த அளவில் ஆரம்பித்தாயிற்று. மாலைக் காபி பதினொரு மணிக்கு நகர்ந்துவிட்டது, இதற்குத்தான் அம்மாவின் எதிர்ப்பு அதிகம். படபடப்பு முழுவதும் போய்விடவில்லை. போன வாரம்கூட ஒரு மாலை மோசமாக இருந்தது. ஆனால் கதவில் நிற்பதில்லை.

இன்னொரு கேள்வி. அம்மாவை மாலையில் நடக்கக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நவம்பர் புகைமூட்டம் ஆரம்பித்தால் என்ன செய்வது?

ஆர்.கே.புரம் செவிலியர் (ஓய்வு)

மனம் நிறைந்தது சகோதரி. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

புகைமூட்டத்தில் மாலை நடை வேண்டாம். காற்றின் தரக் குறியீடு 300-ஐத் தாண்டும் நாள்களில் வெளியே போகவே வேண்டாம். மற்ற நாள்களில் பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள், வெயில் இருக்கும்போது கீழே இறக்குங்கள். காலையிலும் மாலையிலும்தான் புகை தரையோடு படிந்து நிற்கும். வெயில் முகத்தில் படுவது இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். அதனால் நான்கரை மணிக்கே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மதியத் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் எழுப்பிவிடுங்கள். குளிர்காலத்தில் மதியம் முழுவதும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் படுத்திருந்தால் இரவு விழித்துக்கொண்டுதான் இருப்பார்.

வெளியே போக முடியாத நாள்களில் கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்துப் பத்து முறையாக, ஒரு நாளில் மூன்று தடவை. மாத்திரை குறையும்வரை யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆயுர்வேதம், கண் சொட்டு மருந்து, சளி சிரப், செட்ரிசின் உட்பட. சளி சிரப்பில் இருக்கும் சில மருந்துகள் பெரியவர்களுக்குக் குழப்பத்தைக் கொடுக்கும். குளிர்காலத்தில் அதுதான் எல்லா வீட்டிலும் அலமாரியிலிருந்து முதலில் வெளியே வரும்.

கரோல் பாக் 79

ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் காலை வேளையில் எங்களைப் போன்றவர்கள் பிராகாரத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்போம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து வா. மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். படி ஏற முடியாவிட்டால் முன்கூட்டியே சொல், கீழேயே உட்கார்ந்து கொள்ளலாம்.